சுழலும் சூளை



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நாற்பது ஆண்டுகள் சுழன்ற ஓர் இரும்புச் சூளையின் பூர்வ சரித்திரத்தை இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அக்காலத்தில் கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம். சுண்ணக்கல் அவ்விடத்து நிலத்திலேயே கிடைத்தது; களிமண் மன்னார்ப் பகுதியிலுள்ள முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. இவ்விரண்டையும் அரைத்துக் கலந்து சுடுவதற்கு ஒரு சூளை வேண்டும். அந்தச் சூளை எங்கிருந்து வந்தது என்பதே நமது கதை.

சுண்ணாம்பு சுடுவது நமக்குப் புதிதன்று. கல்லையும் சிப்பியையும் நீற்றிக் கோயிலும் நாற்சார் வீடும் கட்டியவர்கள் நம் முன்னோர். ஆனால் நீற்றிய சுண்ணாம்பு வேறு, சீமெந்து வேறு. சுண்ணக்கல்லுடன் களிமண்ணைக் கலந்து, ஏறக்குறைய 1450 பாகை செல்சியசு வெப்பத்தில், பாதி உருகும் நிலைவரை சுட்டெடுத்த கட்டியைப் பொடி செய்தால் நீரின் அடியிலும் இறுகும் பொருள் கிடைக்கிறது. அதுவே சீமெந்து.

இங்கிலாந்தில் லீட்சு நகரத்துக் கொத்தனார் யோசேப்பு அஸ்ப்டின் என்பவர் 1824ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் 'போட்லண்ட் சீமெந்து' என்ற பெயரில் ஆக்கவுரிமை பெற்றார். ஆக்கவுரிமை என்பது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவன் தன் இரகசியத்தை உலகறிய எழுதிக்கொடுக்க வேண்டும்; அதற்கு ஈடாக, அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, பதினான்கு ஆண்டுகளுக்கு அதைச் செய்யும் தனியுரிமையை அரசு அவனுக்கு அளிக்கும். அஸ்ப்டின் உரிமையைப் பெற்றார். இரகசியத்தை முழுதும் எழுதினாரல்லர். கல்லும் மண்ணும் எவ்வளவுக்கு எவ்வளவு, எவ்வளவு வெப்பம் என்று அப்பத்திரத்தில் இல்லை. அவருடைய மகன் வில்லியமோ இன்னும் ஒரு படி மேலே போனார். சூளையில் ஏற்றும் கல்லின்மீது நிறமுள்ள உப்புப் பளிங்குகளைத் தூவி, மர்மம் அதிலேதான் இருக்கிறது என்று வேலையாட்களை நம்பவைப்பார் என்று, அவருக்குப் போட்டியாளராக இருந்த ஐசாக் ஜோன்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். போட்டியாளர் சொன்ன கதையாகையால் சற்றுக் குறைத்தே நம்புவோம்.

அக்காலத்துச் சூளை நிமிர்ந்து நிற்கும் கிணறு போன்றது. கல்லையும் கரியையும் அடுக்கடுக்காக நிரப்பி, எரித்து, நாட்கணக்காக ஆறவிட்டு, ஆட்கள் இறங்கி வெந்ததையும் வேகாததையும் பிரித்தெடுப்பார்கள். மறுபடி நிரப்ப வேண்டும், மறுபடி மூட்ட வேண்டும். வெப்பத்தில் பெரும்பகுதி வீணே போயிற்று.

இதை மாற்ற நினைத்தவர் பிரெடெரிக் ரான்சம். செயற்கைக் கல் செய்வதற்கு 1844ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றிருந்தவர். 1885ஆம் ஆண்டில் சூளையையே கீழே சாய்த்துப் படுக்கவைத்தார். உள்ளே நெருப்புச் செங்கல் பதித்த நீண்ட இரும்பு உருளை. சிறிது சரிவாக உருளைகளின்மீது கிடந்து மெல்லச் சுழலும். மேல்முனையில் பொடியைக் கொட்டினால் அது புரண்டு புரண்டு கீழே வரும். கீழ்முனையிலிருந்து தீச்சுவாலை அதனை எதிர்கொள்ளும். நிறுத்துவதும் இல்லை, ஆறவிடுவதும் இல்லை. எண்ணம் அற்புதமானது. வேலையோ படுதோல்வி! பொடி உருண்டைகளாகத் திரண்டது, சூளையின் சுவரில் வளையமாக ஒட்டிக்கொண்டது, ஒருசீராக வேகவில்லை. ரான்சம் 1893இல் காலமானபோது அவருடைய கருவி இங்கிலாந்தில் வேரூன்றியிருக்கவில்லை.

அமெரிக்காவில் த நவாரோ என்ற தொழிலதிபர் அவ்வுரிமையை வாங்கி, பென்சில்வேனியாவில் எண்ணெயை எரித்து அச்சூளையை இயக்கினார். பின்னர் 1890களில் அவருடைய நிறுவனத்துப் பொறியியலாளர்களான ஹரி, சீமன் இருவரும் நிலக்கரியை மாவாக்கிக் காற்றுடன் ஊதி எரிக்கும் முறையைக் கண்டனர். சூளை பிழைத்துக்கொண்டது.

இங்கே எதிர்பாராத ஒருவர் வருகிறார்: மின்விளக்குப் புகழ் எடிசன். அவர் நியூ ஜேர்சியின் ஓக்டன் மலையில் தாழ்ந்த தரத்து இரும்புக் கல்லை நொறுக்கி, காந்தத்தால் இரும்புத்தாதுவைப் பிரித்தெடுக்கும் பெருந்தொழிலில் பத்தாண்டுகளைச் செலவிட்டார். பல தொன் எடையுள்ள பாறைகளை நொறுக்கும் இராட்சத உருளைகளை வடிவமைத்து ஆக்கவுரிமை பெற்றார். இயந்திரங்கள் வேலை செய்தன, கணக்குத்தான் பொய்த்தது. மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் உயர்ந்த தாது வெட்டியெடுக்கும் அளவில் மலிவாகக் கிடைக்கவே, எடிசனின் இருபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணம் மலையோடு போயிற்று. அவர் சோர்ந்திருக்கவில்லை. அதே உருளைகளைக் கொண்டு சுண்ணக்கல்லை நொறுக்கலாமே என்று 1899இல் சீமெந்துக் கம்பெனி தொடங்கினார். மற்றவர்கள் அறுபது அடி நீளச் சூளை வைத்திருந்தபோது, 150 அடி நீளத்தில் ஒன்று வேண்டும் என்றார். நிபுணர்கள் நகைத்தார்கள். அந்த நீண்ட சூளை வென்றது. மற்றைய கம்பெனிகளும் உரிமப்பணம் கட்டி அதனைக் கைக்கொண்டன. அதனால் நாட்டிலே சீமெந்து மலிந்தது. எடிசனின் சொந்தக் கம்பெனிக்கு அது பெரும் இலாபமாக முடியவில்லை.

சுழல்சூளையைக் கண்டவர் யார் என்று வகுப்பில் கேட்டால் மாணவர் ஒரு பெயரை எதிர்பார்ப்பர். நான் ரான்சமின் பெயரைச் சொல்வேன். ஆனால் ஹரி, சீமன் இருவரின் கரித்தூளின்றி அவருடைய குழாய் வெறும் குழாயே என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ரான்சமின் உரிமைக்காலம் 1899இல் முடியவேண்டியது. ஆகவே காங்கேசன்துறைக்குச் சூளை வந்தபோது அந்த எண்ணம் உலகத்தாரின் பொதுச்சொத்து. எவரும் அதைச் செய்யலாம் என்று சட்டம் சொன்னது. செய்வதற்கு, கனத்த இரும்புத் தகட்டை உருட்டிப் பொருத்தும் தொழிலகம் அல்லவா வேண்டும்? அது நம்மிடம் இருக்கவில்லை. எழுத்திலே இருந்த தடை நீங்கியபின்னும் உலையிலும் பட்டறையிலும் இருந்த தடை நீங்கவில்லை. இயந்திரம் கப்பலேறியே வந்தது. இதனைத் தொழிற்சாலைப் பெருமை பேசுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் இயக்கக் கற்றவர்கள் நம்மவர்களே. இங்கே சுட்ட கட்டி தெற்கே காலியிலிருந்த தொழிற்சாலைக்கும் சென்று அரைபட்டது. 1990ஆம் ஆண்டில் யுத்தத்தினால் சூளை நின்றது. ஊரவர் இடம்பெயர்ந்தனர், அப்பிரதேசம் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. யுத்தம் முடிந்தபின் வீடுகளை மீளக் கட்டியவர்கள், வெளியிலிருந்து லொறியில் வந்த சீமெந்தையே வாங்கினார்கள்.

மீண்டும் சூளையை மூட்டவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்போதெல்லாம் கமக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஆறு இல்லாத நமது குடாநாட்டில் மழைநீரைத் தாங்கிக் கிணற்றுக்குக் கொடுப்பதும் அதே சுண்ணக்கல்தான்; ஆழ அகழ்ந்தால் உவர்நீர் ஏறாதா? ரான்சமின் பத்திரத்திலும் எடிசனின் பத்திரத்திலும் இதற்கு விடை இல்லை. முன்பு கல் அகழ்ந்த பெருங்குழிகள் காங்கேசன்துறையில் இன்றும் கிடக்கின்றன.