சாய ஊசி ஒவ்வாமை

கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இறாலும் நண்டும் அன்றாடச் சாப்பாடு. அதைத் தின்றதும் உடம்பு தடித்து அரிக்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் சி.டி. ஸ்கேனுக்குப் போனால், "எனக்கு இறாலே ஆகாது, டை ஊசி போடலாமா?" என்று தயங்குவார். இறாலிலும் அயோடின், ஊசியிலும் அயோடின் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பு. இறால் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். அயோடினோ தைராய்டு ஹார்மோனிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் உப்பிலும் இருக்கிறது; அது ஒவ்வாமையைக் கிளப்புவதில்லை. இறால் ஆகாதவருக்கு இந்த ஊசியால், வேறு உணவு ஆகாதவரைவிடக் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை.

இரத்தக் குழாய்களையும் உறுப்புகளையும் ஸ்கேனில் துலக்கிக் காட்ட நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தைத்தான் டை ஊசி, சாய ஊசி என்கிறார்கள். சாயம் பெயரில் மட்டுமே. மருந்து தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். சி.டி.க்கு அயோஹெக்ஸால் போன்ற அயோடின் கலவைகள், எம்.ஆர்.ஐ.க்கு கடோலினியம். கடோலினியத்தில் ஒவ்வாமை இன்னும் அரிது.

பழைய அயோடின் மருந்துகள் இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவானவை, ஏற்றும்போதே வலிக்கும். ஸ்வீடன் மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மென் 1960களில் இதற்கு மாற்று தேடினார். உப்பு மிகுந்த கடலில் கண் எரிகிறது, உப்புக் குறைந்த பால்டிக் நீரில் எரிவதில்லை என்று நீந்தும்போது கவனித்ததே அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள். தேவனாம்பட்டினக் கடலில் குளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப் பிறந்த, செறிவு குறைந்த அயனியற்ற மருந்துகளின் பலனை, 3,37,647 பேரிடம் நடந்து 1990இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது: கடும் எதிர்வினை பழைய மருந்தில் 0.22 சதவீதம், புதியதில் 0.04.

ஊசி ஏறும்போது உடம்பு சூடாவதும் வாயில் உலோகச் சுவை தட்டுவதும் ஒவ்வாமை அல்ல. தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவையே அடையாளம். பெரும்பாலும் முதல் 20 நிமிடங்களில் வந்துவிடும். ஸ்கேன் முடிந்தும் சிறிது நேரம் உட்காரச் சொல்வது அதனால்தான். தீவிரமானால் தொடைத் தசையில் அட்ரினலின் போடுவதே முதல் மருந்து. சிலருக்குத் தோல் தடிப்பு சில நாள் கழித்தும் வரலாம். முன்கூட்டிக் கேட்கும் கிரியேட்டினின் பரிசோதனை சிறுநீரகத்துக்காக; அதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை.

உண்மையில் கேட்க வேண்டியது இறாலைப் பற்றி அல்ல, முந்தைய ஊசியைப் பற்றி. முன்பு ஒரு கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைத் தவிர்த்து வேறொன்றைத் தேர்வார்கள். தேவைப்பட்டால் முன்னதாகவே ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதற்கு மருந்தின் பெயர் தெரிய வேண்டும். ஒரே நோயாளி கடலூரில் ஒரு ஸ்கேன், சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒன்று, புதுச்சேரி ஜிப்மரில் ஒன்று என்று எடுக்கிற வட்டாரம் இது. "டை அலர்ஜி" என்று மட்டும் எழுதிய சீட்டு அடுத்த மருத்துவருக்கு உதவாது. ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள், மருந்தின் பெயரையும் என்ன ஆனது என்பதையும் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.