அதே 10 குதிரைத்திறன், ஆனால் ஓர் அங்குலம் குட்டை!

அமெரிக்காவில் ஒரு பழைய கார் கழுவும் நிலையம். பம்பை ஓட்டும் மோட்டார் எரிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே 10 குதிரைத்திறன், அதே வேகம் என்று பார்த்துப் புது மோட்டார் வாங்கி வந்தால்... பொருந்தாது! இதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறே இருக்கிறது.

அங்கே மோட்டார்களின் அளவை வகுப்பது, 1926-ல் தொடங்கிய 'நீமா' என்ற மின்கருவித் தயாரிப்பாளர் சங்கம். மோட்டாரின் மூன்று இலக்க ஃபிரேம் எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தை 4-ஆல் வகுத்தால், அடியிலிருந்து ஷாஃப்ட்டின் மையம் வரை எத்தனை அங்குலம் என்று தெரிந்துவிடும். எளிய கணக்குதான்!

1952-ல் வந்த 'யு' வரிசையில், 1800 வேகமுள்ள 10 குதிரைத்திறன் மோட்டாரின் எண் 256. அதாவது உயரம் 6.25 அங்குலம். பிறகு காயிலின் இன்சுலேஷன் தரம் உயர்ந்தது. 105 டிகிரிக்குப் பதில் 130 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியது. சூடு தாங்கினால் மோட்டாரைச் சின்னதாகச் செய்யலாம் அல்லவா? 1964-ல் 'டி' வரிசை வந்தது. அதே மோட்டார் 215 ஆனது, உயரம் 5.25 அங்குலம்.

ஷாஃப்ட்டின் தடிமன் மாறவில்லை. ஆனால் ஓர் அங்குலம் இறங்கியதால் பம்போடு நேராகச் சேராது. போல்ட் துளைகளும் தள்ளிப்போகும்.

வழி இரண்டு. உயரத்தை ஈடுகட்டும் மாற்று அடித்தட்டு வாங்கலாம். அல்லது பழையதையே ரீவைண்டிங் செய்யலாம். எரிந்தது காயில்தானே, உடல் இல்லையே!

எனவே, கடைக்குப் போகுமுன் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். குதிரைத்திறன் மட்டும் போதாது.