விடுதியும் வீடும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்து மாணவரின் சமயப் பற்று

பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துச் சமய வரலாற்றை எழுதியோர், மிசனரிமாருக்கும் சைவ அறிஞருக்கும் இடையே நிகழ்ந்த கண்டனப் போராகவே அதனைப் பெரும்பாலும் காட்டியுள்ளனர். ஆயினும் கண்டன நூல்களை வாசித்துச் சமயத்தைத் தெரிந்துகொண்ட இளைஞர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும். பிள்ளை எங்கே உண்டான், யாரோடு கூடி வாழ்ந்தான், எந்த வீட்டிற் பெண் கொண்டான் என்பனவே பலர் விடயத்தில் அதனைத் தீர்மானித்தன.

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் கிராமப் பாடசாலைகள் பலவற்றை நிறுவியது. பகலில் அங்கே வேதபாடம் ஒப்புவித்த பிள்ளை, மாலையில் விபூதி தரித்துக் கோயிலுக்குச் சென்றான். வீட்டினின்றும் பிள்ளையைப் பிரித்தாலன்றிப் பயனில்லை என்னும் எண்ணம் விடுதிப் பள்ளிகளுக்கு வழிகோலியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. குடும்பத்தார் முதலில் அஞ்சியது பாடத்தையன்று, சோற்றையே. மிசன் வளவினுள் உண்டாற் சாதி கெடும் என்றனர். காலப்போக்கில் அத்தடை தளர்ந்தது. அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர் அதற்குச் சான்று. 1824இல் மிசன் நிலையங்களிற் பரவிய சமய எழுச்சியிலும் போதனையை விஞ்சி நின்றது சகபாடிகளின் தொற்றே எனலாம்.

அவ்வாண்டிலேயே உடுவிலிற் பெண்கள் விடுதிப் பள்ளி நிறுவப்பட்டது. அங்குக் கற்ற பெண் கிறித்தவனை மணந்தால் மிசனே சிறு சீதனம் வழங்கிற்று. சீதனமின்றிக் கலியாணமில்லாத நாட்டில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்விணைகளின் இல்லங்களிலேயே கிறித்தவம் பரம்பரைச் சமயமாக வேரூன்றியது.

செமினரியின் கதை வேறாயிற்று. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வழியானதும், பெற்றோர் அதன்பொருட்டே பிள்ளைகளை அனுப்பினர். 1855இல் அது மூடப்பட்டபோது பயின்ற 96 மாணவருள் 11 பேரே திருச்சபை உறுப்பினர். விடுதி பழையதே, கூடியிருந்தோரின் நோக்கம் மாறியிருந்தது.

இதே காலத்திற் பீற்றர் பேர்சிவலின் வெசுலியன் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்த ஆறுமுக நாவலர் சைவராகவே நிலைத்தார். இளமையிலே தந்தையை இழந்த அவரை நல்லூரில் தமையன்மார் வளர்த்தனர். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் அவர் தமிழ் கற்றார். வீடும் ஆசிரியரும் ஒருங்கே சைவமாயிருந்த வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்கள் எழுதப்பட்டதும், அச்சியந்திரம் நிறுவப்பட்டதும் மிசனிடம் கற்ற வழியிலேயே. எனினும் இரு சாராரது உயர்கல்வியும் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளாளப் பிள்ளைகளையே சென்றடைந்தமை மறைக்கத்தக்கதன்று.

குடும்பமே யாவும் என்று கொள்ளவும் இயலாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர், வட்டுக்கோட்டையிற் கற்றவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அவரும், உடன் பட்டம்பெற்ற கரோல் விசுவநாதபிள்ளையும் பிற்காலத்திற் சைவத்துக்கு மீண்டனர். செமினரியின் பாடத்திட்டத்தில் தமிழிலக்கியத்துக்கு உரிய இடம் இருந்தது. கிறித்தவ ஊழியரை உருவாக்கக் கற்பித்த அத்தமிழே பின்னர் தாமோதரம்பிள்ளையை ஏட்டுச் சுவடிகளிடம் அழைத்துச் சென்றது. 1887இற் கலித்தொகையை அவர் அச்சிற் பதிப்பித்தபோது அந்தச் செமினரி மூடப்பட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.