சித்திரத் தொடருக்கு ஏன் இத்தனை காலம்?



தொலைக்காட்சியில் ஒரு சித்திரத் தொடரின் ஒரு பகுதி அரைமணி நேரத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. அடுத்த தொகுதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் முகம் வாடுகிறார்கள். படம் வரைவதற்கு இவ்வளவு காலமா என்று கேட்கிறார்கள். அதற்குரிய விடையை இன்று வரலாற்றில் தேடுவோம்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். திரைப்படச் சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 22 நிமிடப் பகுதிக்கு 31,680 படங்கள் வேண்டும். ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு முறை படமெடுத்துச் சமாளித்தாலும் 15,840 சித்திரங்கள் தேவை. ஒருவர் நாளொன்றுக்கு 20 சித்திரம் வரைவதாக வைத்துக்கொண்டால், அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

1914-இல் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசர் படத்தை வெளியிட்டார். விலங்கு அசையும் ஒவ்வொரு தாளிலும் பின்னணியையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. அதே ஆண்டில் ஏர்ல் ஹர்ட் என்பவர் செல்லுலாய்டு தகட்டைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். கண்ணாடி போன்ற தகட்டில் பாத்திரத்தை வரைந்து, ஒரே பின்னணியின்மேல் வைத்துப் படமெடுக்கலாம். பெருஞ்சுமை ஒன்று குறைந்தது.

ஆயினும் வேலை ஓயவில்லை. கதையைக் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். அமெரிக்காவில் குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைவது வழக்கம். தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை வரைவார். இடைநிலைகளை உதவி ஓவியர்கள் நிரப்புவார்கள். பிறகு தகட்டில் பிரதியெடுத்து, வண்ணம் தீட்டி, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் படமெடுக்க வேண்டும். வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' 1934-இல் தொடங்கி, 1937 டிசம்பரில்தான் திரைக்கு வந்தது. அது ஓடும் நேரமோ 83 நிமிடம்!

தொலைக்காட்சி வாரந்தோறும் படம் கேட்டது. 1957-இல் ஹன்னா, பார்பெரா என்ற இருவர் தனி நிறுவனம் தொடங்கிச் சிக்கன வழியைக் கையாண்டார்கள். உடலை அசையாமல் வைத்துவிட்டுத் தலையையும் வாயையும் மட்டும் அசைத்தார்கள். 'யோகி' கரடியின் கழுத்துப்பட்டை வெறும் அலங்காரமன்று. தலையையும் உடலையும் தனித்தனியே வரைவதற்கு அது எல்லைக்கோடாக உதவியது.

ஜப்பானில் ஒசாமு தெசூகா 1963 ஜனவரி 1-இல் 'தெத்சுவான் அதோம்' தொடரைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இது 'அஸ்ட்ரோ பாய்' எனப்பட்டது. ஒரு சித்திரத்தை மூன்று முறை படமெடுத்தார்கள். பழைய சித்திரங்களைச் சேர்த்துவைத்து மீண்டும் பயன்படுத்தினார்கள். 1966 இறுதிக்குள் 193 பகுதிகள் வந்தன. ஆனால் தொலைக்காட்சி தந்த விலை தயாரிப்புச் செலவுக்கும் போதவில்லை. பொம்மை முதலிய விற்பனையால் அதை ஈடுகட்ட நினைத்தார்கள். அவர் நிறுவிய கூடம் 1973-இல் நொடித்துப்போனது.

அவசரம் காட்டினால் என்னவாகும்? 1989-இல் 'சிம்ப்சன்ஸ்' தொடருக்காகக் கொரியாவில் வரையப்பட்டு வந்த முதல் பகுதி மனநிறைவு தரவில்லை. பெரும்பகுதியைத் திரும்பச் செய்தார்கள். தொடரின் தொடக்கமே டிசம்பருக்குத் தள்ளிப்போனது. ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் அதற்குப் பின் செய்த வேலையெல்லாம் வீண் என்பதை இதனால் உணரலாம்.

இன்று கணினி வண்ணம் தீட்டுகிறது. செல்லுலாய்டு தகடு மறைந்துவிட்டது. வெட்டிய காகிதம்போன்ற எளிய உருவங்களைக் கொண்ட 'சவுத் பார்க்' பகுதிகளை ஆறே நாளில்கூட முடித்திருக்கிறார்கள். ஆனால் உருவமும் அசைவும் நுட்பமாக வேண்டுமென்றால், எந்த நிலையில் எப்படி அசைய வேண்டும் என்று மனிதர்தான் ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டும். காலம் அங்கேதான் செலவாகிறது.

'ஸ்நோ ஒயிட்' படத்துக்கு மையிட்டு வண்ணம் தீட்டிய பெண்களின் பெயர் திரையில் வரவில்லை. 1941-இல் டிஸ்னி ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு பெயர் அங்கீகாரமும் ஒரு குறையாக இருந்தது. மோட்டார் வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறவர், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய கைகளை நினைப்பதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

ஆகவே பெற்றோர்களே, மாணவர்களே! சித்திரத் தொடர் முடிந்தவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிடாமல், இறுதியில் ஓடும் பெயர்களையும் சற்று நேரம் படிப்போம். நமது அரைமணி மகிழ்ச்சிக்குப் பல மாத உழைப்பைத் தந்தவர்கள் அவர்களே.