மைசூர் மைன்ஸ் சொல்லும் மொழிச் சிறுபான்மைப் பாடம்

நமது சங்கக் கூட்டங்களில் "நாமும் சிறுபான்மையினர்தானே?" என்ற கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. அடியேன் விஞ்ஞானப் பட்டதாரி, வக்கீல் அல்ல. ஆயினும் 30 வருஷங்களுக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு பழகிய அனுபவத்தில் சில விஷயங்களை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அரசியல் சாசனத்தின் 30-வது ஷரத்து, மதம், மொழி என்ற இரண்டு அடிப்படையில்தான் சிறுபான்மையினரைக் குறிப்பிடுகிறது. ஜாதி அதில் சேராது. மொழி விஷயத்தில் யார் சிறுபான்மையினர் என்பதை அந்தந்த மாநிலத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று டி.எம்.ஏ. பை பவுண்டேஷன் வழக்கில் 31-10-2002 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகள் பெஞ்சு தீர்ப்பளித்தது. ஆகவே சென்னையில் வசிக்கும் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் அல்லர். அவரே ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்தில் குடியேறினால் மொழிச் சிறுபான்மையினர் ஆகிறார்.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கோலார் தங்கவயலில் நான் பார்த்திருக்கிறேன். என் தகப்பனார் மைசூர் மைன்ஸில் குமாஸ்தா. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் பெருகின. பூமிக்கு அடியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதி வடஆர்க்காடு முதலான ஜில்லாக்களிலிருந்து வந்த ஆதிதிராவிடக் குடும்பத்தினர். மேலே கணக்கு எழுதியவர்களில் நம்மவரும் சிலர் இருந்தனர். லைன் வீடுகளில் எங்கும் தமிழே கேட்கும். பள்ளியிலும் தமிழ்தான். கன்னடத்தை ஒரு பாடமாகப் படித்தோம்.

1-11-1956 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கோலார் ஜில்லா மைசூர் ராஜ்யத்திலேயே இருந்தது. ஊருக்குள் பெருவாரியாக இருந்த நாங்கள் ராஜ்யக் கணக்கில் சிறுபான்மையினர் ஆனோம். எங்களைப் போன்றவர்களுக்காகவே அவ்வருஷம் சாசனத்தின் ஏழாவது திருத்தத்தில் இரண்டு ஷரத்துகள் சேர்க்கப்பட்டன. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதுமான வசதி செய்து தர முயல வேண்டும் என்கிறது 350-ஏ. மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்கிறது 350-பி. 1957-ல் அந்தக் கமிஷனர் பதவியும் ஏற்பட்டது.

நடைமுறையில் இதற்கு ஒரு எண்ணிக்கை உண்டு. ஒரு வகுப்பில் 10 குழந்தைகள் அல்லது பள்ளி முழுவதிலும் 40 குழந்தைகள் இருந்தால் அவர்களுடைய தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் போட வேண்டும். இது 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகள் மகாநாட்டில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. சட்டம் அல்ல, வாக்குறுதிதான். ஆனால் பல மாநிலங்களில் தாய்மொழி வகுப்புகள் அதை நம்பித்தான் நடந்தன.

சோதனையும் வந்தது. கோகாக் கமிட்டியின் சிபாரிசையொட்டி, 1982-ல் கர்நாடக அரசாங்கம் பள்ளிகளில் கன்னடத்துக்கு முதல் மொழி ஸ்தானம் அளித்து உத்தரவு போட்டது. மொழிச் சிறுபான்மையினர் கோர்ட்டுக்குப் போனார்கள். வேற்று மொழிக் குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்தே கன்னடம் படிக்கக் கட்டாயப்படுத்துவது செல்லாது என்று 1989-ல் கர்நாடக உயர் நீதிமன்ற முழு பெஞ்சு தீர்ப்பளித்தது. பிற்பாடு, ஆரம்பப் பள்ளியில் எந்த மொழியில் படிப்பது என்பதை அரசாங்கம் திணிக்கக் கூடாது, பெற்றோர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 6-5-2014 அன்று சுப்ரீம் கோர்ட்டும் கூறியது.

ஆக, சட்டம் கைவிடவில்லை. பின் என்ன நடந்தது? 28-2-2001 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை தேடிப் பலர் அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வர ஆரம்பித்தார்கள். பலர் ஊரையே விட்டுப் போனார்கள். என்னுடன் படித்து ஆசிரியரான ஒரு நண்பர், ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு ஜூன் மாதமும் லைன் வீடுகளில் படியேறித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளை கேட்டவர். "போன வருஷம் 13, இந்த வருஷம் 8" என்று ஒரு தடவை சொன்னார். தாய்மார்கள் மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுப்பார்களாம். "பையன் பெங்களூர்ல வேலைக்குப் போகணுமே சார்" என்பார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் பிள்ளைகள் இருவருமே பெங்களூரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள். இந்தக் கட்டுரையை அவர்களுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

சாசனம் தருவது வாய்ப்பு மட்டுமே. அதை எடுத்துக்கொள்ளப் 10 பேர் முன்வராவிட்டால், கோர்ட்டில் ஜெயித்த உரிமையும் ஏட்டோடு நின்றுவிடும்.

பெங்களூர், மும்பை, டில்லி, கல்கத்தா நகரங்களில் உள்ள நமது அங்கத்தினர்கள் யாவரும் சட்டப்படி மொழிச் சிறுபான்மையினரே. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை, எந்த ஜாதியாராயினும், ஒன்று சேர்த்துப் பெயர்களை எழுதிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுங்கள். குறைகளை அம்மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்க 350-வது ஷரத்து இடம் தருகிறது. பள்ளியில் முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீட்டுக் கூடத்திலாவது தமிழ் எழுத்து சொல்லிக் கொடுங்கள். குடியிருக்கும் ஊரின் பாஷையையும் நன்றாகக் கற்றுக்கொள்வோம். மைசூர் மைன்ஸில் நாங்கள் இரண்டையும் சேர்த்தே படித்தோம், ஒன்றால் மற்றது கெட்டுப்போகவில்லை.