கவுந்தியடிகள்: ஏட்டிலும் திரையிலும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சிலப்பதிகாரம் பற்றிப் பேச்செடுத்தால், பெரியவர்கள் கண்ணாம்பாவைச் சொல்வார்கள். அடுத்த தலைமுறை விஜயகுமாரியைச் சொல்லும். ஏட்டைச் சொல்பவர் சிலரே. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1953-ல் ஆந்திரத்தோடு சேர்ந்த மாவட்டம் நம்முடையது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றன. தெலுங்குப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குக் காப்பியத்தின் வாசலைத் திறந்தது சினிமாதான். வாசலிலேயே நின்றுவிடலாமா என்பதே என் கேள்வி.

1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சமண மரபுச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தாரிடம் கேட்டுத் தெளிந்தார். 1892-ல் சிலப்பதிகாரம் அவர் பதிப்பாக வந்தது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1942-ல், ஜூபிடர் நிறுவனத்தின் 'கண்ணகி' திரைக்கு வந்தது. இளங்கோவன் எழுதிய வசனத்தை முழங்கிய கண்ணாம்பா, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். நம் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன ஊக்கம் வேண்டும்?

1964-ல் கலைஞர் மு.கருணாநிதியின் வசனத்தில் 'பூம்புகார்' வந்தது. அதில் கவுந்தியடிகளாக நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். ஔவையாராக நாம் அறிந்த அந்தக் குரல், ஒரு சமணத் துறவிக்காகவும் ஒலித்தது. சமணனான எனக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு.

ஆனாலும் படம் பார்த்தவர்கள் நினைவில் நிற்பது பாண்டியன் அவையும் உடைந்த சிலம்பும்தான். ஏட்டில் வேறு சில இடங்கள் இருக்கின்றன.

காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழியில் மாங்காட்டு மறையவர் ஒருவர் எதிர்ப்படுகிறார். வேங்கடமலையில் திருமால் நிற்கும் கோலத்தைச் சொல்லி உருகுகிறார். ஆம், நம் திருப்பதி மலைதான்! கவுந்தியடிகள் பொறுமையாகக் கேட்டு, தம் சமயக் கருத்தைச் சொல்லி விடைகொடுக்கிறார். கருத்து வேறு, சண்டை இல்லை.

கொலைக்களக் காதையில் கண்ணகி கடைசியாகச் சமைக்கிறாள். நோன்பு காப்பவர் பகலிலேயே உண்ண வேண்டுமென்று, சமையல் கலங்களைச் சீக்கிரம் தரச் சொல்கிறார்கள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி எல்லாம் வருகின்றன. அரிசிக் கடைக்காரனான என் கண் முதலில் சாலி அரிசியில்தான் போய் நின்றது! காய் நறுக்கி அவள் விரல் சிவக்கிறது. கோவலன் வாழையிலையில் உண்டு, சிலம்போடு புறப்படுகிறான். பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடும் எங்கள் வீட்டு வழக்கம் அந்த இடத்தில் இருப்பதால், எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கவுந்தியடிகளின் முடிவு வஞ்சிக் காண்டத்தில் வருகிறது. கோவலன் கொலையுண்டதைக் கேட்டு அவர் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை, மாடலன் சேரன் செங்குட்டுவனிடம் சொல்கிறான். வழித்துணையாக வந்தவர் கொடுத்த விலை அது.

சிலப்பதிகாரத்தில் 30 காதைகள். மாதம் ஒரு காதை என்று வீட்டில் உரையோடு உரக்கப் படித்தால் இரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். எழுத்துத் தெரியாத பிள்ளையும் காதால் கேட்கலாமே. படத்தையும் போட்டுக் காட்டுங்கள். மறுநாள் புத்தகத்தைத் திறங்கள்.