திசு வங்கியும் அதைக் காத்து நிற்பவர்களும்

மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதுப்பா" என்றார்கள். மலையைப் பற்றியும் தீபத்தைப் பற்றியும் எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அதுவும் நம்ம ஊர் பஸ் நிறுத்தத்திலிருந்தே தொடங்குகிறது.

கீழ்பென்னாத்தூரில் விடியற்காலை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் பஸ்ஸில், கையில் ஸ்கேன் கவரும் துணிப்பையுமாக ஏறுகிறவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள். "எங்கே போறீங்க?" என்றால் "அடையாறு" என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. நம்ம பக்கத்தில் அடையாறு என்பது ஒரு இடத்தின் பெயர் மட்டுமில்லை, ஒரு வியாதியின் பெயரும்தான்.

அந்தப் பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவேயில்லை. 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடாக இருந்தது. இவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இவர்களுக்குப் பின்னால் நிற்கிற, பெயர் வெளியே வராத கூட்டத்தைப் பற்றி.

முதலில் கணக்கு எழுதியவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் திட்டத்தில், 1982 முதல் சென்னை நகரத்துப் புற்றுநோயாளிகளைப் பதிவு செய்யும் பணியை அடையாறு நிலையம் ஏற்றது. புற்றுநோய் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அப்போது கிடையாது. ஆகவே ஊழியர்கள் ஒவ்வொரு மருத்துவமனையாக, ஆய்வகமாக ஏறி இறங்கி, நோயாளிகளிடம் பேசி, ஏடுகளைப் புரட்டி, இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் முந்தியது என்று இன்று நாம் சுலபமாகச் சொல்கிறோமே, அது அவர்களுடைய செருப்புத் தேய்ந்ததால் கிடைத்த செய்தி.

ஆனால் கணக்கு எத்தனை பேர் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்குக் கட்டியே கையில் இருக்கவேண்டும். அறுவைக் கூடத்தில் வெட்டி எடுத்த கட்டியை நோய்க்குறியியல் துறையினர் ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, கட்டி கட்டியாக அடுக்கி வைப்பது நூறாண்டுப் பழக்கம். நுண்ணோக்கியில் பார்க்க அது போதும். மரபணுவைப் படிக்க வேண்டுமென்றால், முக்கியமாக ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டுமென்றால், ஃபார்மலின் அதைச் சிதைத்துவிடுகிறது. ஆகவே புதிதாக எடுத்த திசுவைச் சுடச்சுட உறைய வைக்கும் வேலை வந்தது. அதுதான் திசு வங்கி.

இந்த வங்கியின் வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலேயே ஒரு துண்டை எடுத்தார்கள். ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்தில் மேரி குபிசெக் என்ற உதவியாளர் அதைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார். அந்தச் செல்கள் சாகவேயில்லை. ஹீலா என்ற பெயரில் உலகம் முழுக்கப் போயின. அந்த அம்மாள் அதே ஆண்டு அக்டோபரில் இறந்துபோனார். குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. இன்று திசு வங்கிக்காரர்கள் படிவத்தோடு கட்டிலருகே வந்து நிற்பதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்தப் படிவத்தை நான் நேரில் பார்த்தேன். என் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி என்று சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அம்மா, டாக்டர் எடுக்கிற கட்டியில பரிசோதனைக்குப் போக மிச்சம் இருந்தா, ஆராய்ச்சிக்கு வெச்சுக்கலாமா? கொஞ்சம் ரத்தமும் வேணும். வேண்டாம்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்றாள். எங்க மாமாவுக்குக் கோபம். "எதுக்குக் கையெழுத்து? எங்கயாவது விக்கிறதுக்கா?" என்று சத்தம் போட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம்தான். படித்தவன் என்று பேர்; படிவத்தின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். பெயர் எங்கும் இருக்காது, எண் மட்டும்தான் என்றாள். பிறகு மனசு மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றாள். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மல்லாட்டையில விதைக்குன்னு எடுத்து வெக்கிறோமே, அந்த மாதிரியா?" என்றார். "அதே மாதிரிதாம்மா. ஆனா உங்களுக்கு இதுல விளைச்சல் வராது, பின்னால வர்றவங்களுக்குத்தான்" என்றாள். பெரியம்மா கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டார். பெரியம்மா இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அந்த எண் என்னவென்று எங்களுக்குத் தெரியாது.

பிறகுதான் இந்த வேலையைப் பற்றித் தேடிப் படித்தேன். கட்டிக்கு ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்து செல்லுக்குள் மாற்றம் ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே அறுவைக் கூடத்துக்கு வெளியே ஒருவர் ஐஸ் பெட்டியோடு காத்திருக்கவேண்டும். நோயறிதலுக்கு வேண்டியதை மருத்துவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம்தான் வங்கிக்கு. கட்டியிலிருந்து ஒரு துண்டு, முடிந்தால் பக்கத்திலுள்ள நல்ல திசுவில் ஒரு துண்டு. திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில் முக்கி உறைய வைத்து, நைட்ரஜன் கலத்திலோ மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலோ வைக்கிறார்கள். எடுத்த நேரம், உறைந்த நேரம், பார்கோடு, எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எத்தனையாவது குழி என எல்லாம் பதிவாக வேண்டும். குழி மாறினால் ஒரு நோயாளியின் கட்டி இன்னொருவரின் வரலாற்றோடு ஒட்டிக்கொள்ளும். யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

இங்கே நம்ம ஆட்களுக்கு, அதாவது பொறியாளர்களுக்கு, ஒரு செய்தி. 2012-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மூளைத் திசு வங்கியில் ஒரு ஃப்ரீசர் பழுதானது. வெளியே காட்டிய வெப்பநிலை சரியாகவே இருந்தது. அலாரமும் அடிக்கவில்லை. திறந்து பார்த்தபோது ஏறத்தாழ 150 மூளைகள் உருகிக் கெட்டிருந்தன. ஆட்டிசம் ஆராய்ச்சிக்காகக் குடும்பங்கள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தவையும் அதில் இருந்தன. கம்ப்ரஸர், சென்சார், ஜெனரேட்டர் பற்றி நாம் செமஸ்டருக்காகப் படித்ததெல்லாம் அந்த இரவில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு இது ஏன் தனியாக வேண்டும் என்று ஒரு ஜூனியர் தம்பி கேட்டான். அமெரிக்கர்கள் 2006-இல் தொடங்கி, 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணு வரைபடத்தைத் தயாரித்தார்கள். அதில் வெள்ளையர்களே பெரும்பகுதி. நம்மவர்கள் மிகச் சொற்பம். உலக நாடுகள் வேலையைப் பங்கு போட்டபோது, இந்தியா எடுத்துக்கொண்டது புகையிலையும் பாக்கும் மெல்லும் நம்மவர்களுக்கு வரும் வாய்ப் புற்றுநோய். கல்யாணியிலுள்ள மரபணுவியல் நிறுவனமும் டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அதன் முதல் முடிவுகளை 2013-இல் வெளியிட்டார்கள். திசு கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

சென்னையில் இன்றைய கதை ஐ.ஐ.டி.யில். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி அங்கே நடக்கிறது. பேராசிரியர் மகாலிங்கம் வழிநடத்தும் குழு 2020-இல் புற்றுநோய் மரபணுத் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுவையும் ரத்தத்தையும் ஜோடியாகப் படித்தார்கள். ஆக 960 வரிசைகள். 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' என்று அதை எல்லா ஆய்வாளர்களுக்கும் பொதுவாக வெளியிட்டார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஒரு வளாகமும் ஐ.ஐ.டி.யின் வாசலும் ஒரே சர்தார் படேல் சாலையில்தான் இருக்கின்றன. நம்ம ஊர் பஸ்ஸில் வந்து இறங்கிய எத்தனையோ பேர் அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

480 என்பது நம் நாட்டுக்குச் சிறிய எண்தான். மார்பகம் ஒன்றுதான் முடிந்திருக்கிறது. இரைப்பை, கருப்பை வாய், வாய் என்று வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு பெண் படிவத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து அரைமணி நேரம் பேசவேண்டும். யாரோ ஒரு தம்பி நடுராத்திரியில் அலாரம் கேட்டு ஓடவேண்டும். போன மாதம் எங்க மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு பேரு என்னடா?" என்றார். எனக்கு ஞாபகமில்லை. நாங்கள் கேட்டே இருக்கவில்லை.